நிலவுக்குள் இருக்கும் அந்தக் கறுப்புப் புள்ளி

முதலில் ஒரு வேண்டுகோள். அந்தப் புள்ளியை ரப்பர் வைத்துத் தேய்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்களே, தயவுசெய்து தேய்க்காதீர்கள். ஏன் என்பதைக் கடைசியில்தான் சொல்ல முடியும், அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் படித்துவிட்டு ஊர் திரும்பிய தங்கை, அங்கே ஒரு சாரிட்டி ஷாப்பில் பிரேம் போட்ட படம் ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கி வந்திருக்கிறாள். சாம்பலும் நீலமுமான அகலமான படம். இடப்பக்கம் நீளமாக ஒரு மலைத்தொடர், நடுவில் நட்டுவைத்த நெடுங்கற்கள், வலப்பக்கம் தரையோடு தரையாக ஒரு பெரிய நிலவு, அந்த நிலவுக்குள் எள் அளவு ஒரு கறுப்புப் புள்ளி. கீழே பென்சிலில் இடது ஓரம் 14/40, நடுவில் வாயில் நுழையாத ஒரு பெயர், வலது ஓரம் கிறுக்கலாக ஒரு கையெழுத்து, பக்கத்தில் ’06. பின்னால் ஒட்டிய சீட்டில் கேலிக் (மேற்கு ஸ்காட்லாந்துக்காரர்களின் மொழி) மரபின் புனித இடங்கள் என்ற பொருளில் ஒரு வரி. இது எந்த இடம், இது சாமி படமா, அசலா பிரிண்ட் அவுட்டா, அந்தப் புள்ளி அழுக்கா, வீட்டில் எங்கே மாட்டுவது. இவ்வளவும் கேட்டிருந்தீர்கள்.

நான் கிளாஸ்கோவில் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறேன். பிழைப்பு வேறு, ஆனால் வாரம் ஒரு மாலை எச்சிங் (தகட்டை அமிலத்தில் அரித்து அச்செடுப்பது) வகுப்புக்குப் போய்ச் செப்புத் தகடுகளை வீணாக்கிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் இந்தப் பதில்.

பெயரை எழுத்தெழுத்தாக அனுப்பினீர்கள், நல்லதாகப் போயிற்று. பாதிப் பதில் அதில் இருக்கிறது. அதைத் தோராயமாக “கல்யஃ ந மோன்ச்சஃ” என்று சொல்வார்கள். கடைசி ஒலி நம் ஆய்தத்துக்கு வெகு அருகில் வரும், ஆங்கிலேயர்களுக்கு அது வராது, நமக்கு வரும், தைரியமாகச் சொல்லுங்கள். கல்யஃ என்றால் கிழவி. மோன்ச்சஃ என்றால் பீட் மண், அதாவது செடிகொடி மக்கிய மண், மூடிக் கிடக்கிற ஈரத் தரிசு. தரிசுநிலத்துக் கிழவி. ஸ்காட்லாந்தின் வடமேற்கே கடலுக்குள் இருக்கும் லூயிஸ் தீவில், தென்கிழக்கு மலைகளில் ஒரு வரிசைக்கு இந்தப் பெயர். கலனிஷ் என்ற ஊர்ப்பக்கம் நின்று பார்த்தால் அந்த வரிசை, ஒரு பெண் மல்லாந்து படுத்திருப்பது போலத் தெரியும். உங்கள் படத்தின் இடப்பக்கத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்: நெற்றி, மூக்கு, முகவாய், மார்பு, மடக்கிய முழங்கால். ஒருமுறை தெரிந்துவிட்டால் அப்புறம் அது வெறும் மலையாகத் தெரியாது. இதே மலைக்கு ஆங்கிலத்தில் ‘தூங்கும் அழகி’ என்று பெயர். கேலிக்கில் கிழவியாக இருந்தவள் ஆங்கிலத்துக்கு வந்ததும் அழகியாகிவிட்டாள். எந்தப் பெயரை ஓவியர் பென்சிலில் எழுதினார் என்பதிலேயே அவர் அந்த இடத்தை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. இந்த மாதிரிப் படம் வாங்குகிற யாருக்கும் நான் சொல்கிற முதல் சோதனை இதுதான்: கீழே இடத்தின் பெயர் இருக்கிறதா? ‘புனித மலை’, ‘மாயத் தீவு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் அது சுவரை நிரப்ப உதவும், அவ்வளவுதான்.

நடுவில் இருக்கும் கற்கள் கலனிஷ் கற்கள். நம் ஊர்த் தொல்லியல்காரர்கள் பேச்சில் சொன்னால் ஒரு கல்வட்டமும் சில நெடுங்கல் வரிசைகளும். 13 கற்கள் வட்டமாக, நடுவில் கிட்டத்தட்ட 4.8 மீட்டர் உயரத்தில் ஒற்றைக் கல், வடக்கே 80 மீட்டருக்கு மேல் நீளும் இரட்டை வரிசை ஒரு நடைபாதை போல, மற்ற மூன்று திசைகளில் குட்டையான வரிசைகள். மேலிருந்து பார்த்தால் கோணலான சிலுவை. நட்ட காலம் கி.மு. 2900க்கும் 2600க்கும் இடையில். கல்லோ அந்தத் தீவின் சொந்தக் கல், லூயிஸ் நைஸ் என்ற பாறை வகை, முந்நூறு கோடி வருடப் பழமை வரை போகும், கிட்டே போனால் மர ரேகை மாதிரி வரி ஓடும். உங்கள் படத்தில் கற்களின் மேல் மெல்லிய கோடுகள் இருந்தால் அது அலங்காரம் இல்லை, ஓவியர் கல்லைத் தொட்டுப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். இந்தக் கற்களின் அடிப்பகுதி பல நூற்றாண்டுகளாகப் பீட் மண்ணுக்குள் மூழ்கிக் கிடந்தது. 1857இல் தீவின் சொந்தக்காரர் ஜேம்ஸ் மாத்திசன் ஒன்றரை மீட்டர் மண்ணை வாரச் சொன்ன பிறகுதான் முழு உயரமும், வட்டத்துக்குள் இருந்த சின்னக் கல்லறையும் வெளியே வந்தன. யார் இந்த மாத்திசன் என்கிறீர்களா? சீனாவுக்கு அபின் விற்று, அந்தப் பணத்தில் 1844இல் இந்தத் தீவையே வாங்கியவர். அபின் விளைந்தது இந்தியாவில்.

உள்ளூர்க்காரர்கள் இந்தக் கற்களுக்கு வைத்த பெயர் ‘ஃபிர் வ்ரேக’, அதாவது பொய் ஆட்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஆட்கள் நிற்பது போலவே இருக்கும், கிட்டே போனால் ஏமாற்றம். நான் போனபோது மழை கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது, உல்லாப்பூலில் இருந்து இரண்டே முக்கால் மணி நேரக் கப்பலில் வயிற்றைக் கலக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்திருந்தேன், தூரத்தில் நின்றவர்களைப் பார்த்து ‘இந்த மழையிலும் இவ்வளவு கூட்டமா’ என்று நினைத்தது உண்மை. கூட்டம் என்று இருந்தது நானும் இரண்டு ஆடும்தான்.

இப்போது நிலவு. உங்கள் படத்தில் நிலவு தரையை ஒட்டி இருப்பது ஓவியரின் கற்பனை என்று நினைத்திருப்பீர்கள். சூரியன் போகும் பாதைக்கு நிலவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது, அந்தச் சாய்வு வானத்தில் மெல்லச் சுழன்று பழைய நிலைக்குத் திரும்ப 18.6 வருடம் ஆகிறது. அந்தச் சுற்றின் உச்சத்தில், கோடைகாலத்து முழுநிலவு தெற்கே போகக்கூடிய எல்லை வரை போய்விடும். லூயிஸ் தீவு இருப்பதோ 58 டிகிரி வடக்கில். ஆகவே அங்கிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த நிலவு கையை நீட்டி வைத்த இரண்டு விரல் உயரத்துக்கு மேல் ஏறாது. படுத்திருக்கும் கிழவியின் உடம்பிலிருந்து எழும், மலைகளின் மேல் உருட்டிவிட்டது போலப் போகும், சில மணி நேரத்தில் ஹாரிஸ் மலைகளுக்குப் பின்னால் இறங்கும், இறங்கியது என்று நினைக்கும்போது மலைகளுக்கு இடையிலான ஒரு பள்ளத்தில், கற்களுக்கு நடுவே, மறுபடி ஒருமுறை பளிச்சிடும். வடக்கு நடைபாதையில் நின்றால் இதைப் பார்க்கலாம். இந்த உச்சம் சமீபத்தில் வந்தது 2024-25இல். அதற்கு முந்தையது? 2006. உங்கள் படத்தில் கையெழுத்துக்குப் பக்கத்தில் ’06. தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் எனக்கு அதைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

கற்களை நட்டவர்கள் இதற்காகத்தான் நட்டார்களா என்பதில் ஆய்வாளர்களுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை உண்டு, நான் அதில் இறங்கவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: கற்களை நட்டவர்கள் கேலிக் பேசியவர்கள் இல்லை. அந்த மொழி அயர்லாந்திலிருந்து கடல் தாண்டி மேற்கு ஸ்காட்லாந்துக்கு வந்தது கற்கள் நட்டு மூவாயிரம் வருடம் கழித்து. கலனிஷ் என்ற பெயரே அதற்கும் பின்னால் வந்த வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தது என்பார்கள். அப்படியானால் சீட்டில் ‘கேலிக் மரபு’ என்று எழுதியது தப்பா? தப்பில்லை. கற்கள் கேலிக் இல்லை, கற்களைப் பற்றிச் சொன்ன கதை கேலிக், மலைக்கு வைத்த பெயர் கேலிக். முன்னால் யாரோ விட்டுப்போன இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் அதற்குப் பெயர் வைத்து, கதை சொல்லி, தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஒரு கதையில் இவர்கள் எல்லோரும் இந்தத் தீவில் இருந்த ராட்சதர்கள், கியரன் என்ற புனிதர் வந்து ஞானஸ்நானம் வாங்கிக்கொள்ளச் சொன்னபோது மறுத்துக் கல்லாகிப் போனவர்கள். இன்னொன்றில் கோடை நடுநாள் விடியலில், குயில் கூவியதும், ஒளிவீசும் ஒருவன் நடைபாதையில் நடந்து வருவான்.

சரி, யார் இந்தக் கிழவி? இதில் எனக்குப் பேச்சு நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்யஃ என்ற சொல்லின் வேர் லத்தீனில் மேலாடையைக் குறிக்கும் சொல். முக்காடு போட்டவள் என்பது முதல் பொருள், அதனால் கன்னியாஸ்திரீக்கும் இதே சொல், அப்புறம் கிழவி. இன்றும் லூயிஸில் பக்கத்து வீட்டுப் பாட்டியைச் சொல்ல இந்தச் சொல்தான், ஆந்தைக்கும் ‘இரவுக் கிழவி’ என்றுதான் பெயர். கதைகளிலோ அவள் குளிர்காலத்துக்குச் சொந்தக்காரி, மலைகளைச் செய்தவள். கூடையில் கல் சுமந்து போகும்போது சிந்திய இடமெல்லாம் குன்று. ஜூரா தீவுக்கும் ஸ்கார்பா தீவுக்கும் நடுவே கோரிவ்ரெக்கன் என்று ஒரு கடல் சுழல் இருக்கிறது, குளிர்காலம் தொடங்கும்போது அவள் தன் போர்வையை அங்கே போட்டு அலசுவாளாம், அந்த இரைச்சல் பல மைல் தூரம் கேட்குமாம், வெளுத்த போர்வையை மலைகளின் மேல் விரித்தால் அதுதான் பனி. கதையை விடுங்கள், அந்தச் சுழல் நிஜமாகவே பொல்லாதது. 1947இல் ஜார்ஜ் ஆர்வெல் அதில் படகோடு போய் மயிரிழையில் பிழைத்தார்.

எனக்குப் பிடித்தது ஆ ஏரிக் கதை. பென் குருவாகன் மலையுச்சியில் ஒரு ஊற்று, தினமும் சூரியன் இறங்கியதும் அதைக் கல்பலகையால் மூடுவது கிழவியின் வேலை. ஒருநாள் ஆடு மேய்த்த களைப்பில் தூங்கிவிட்டாள். விடியும்போது கீழே இருந்த பள்ளத்தாக்கு முழுக்கத் தண்ணீர், ஊர்களும் மாடுகளும் போய்விட்டன, அந்தத் தண்ணீர்தான் இன்றைய ஆ ஏரி. வேடிக்கை என்னவென்றால் 1965இல் அதே மலையின் வயிற்றைக் குடைந்து ஒரு நீர்மின் நிலையம் திறந்தார்கள். மின்சாரம் மிஞ்சும்போது ஏரித் தண்ணீரை மேலே ஏற்றுவார்கள், தேவைப்படும்போது திறந்துவிடுவார்கள். கிழவி மறந்த வேலையை இப்போது வால்வு செய்கிறது.

அதைவிடச் சின்ன, ஆனால் அதிகம் மனதில் நிற்கும் இடம் ஒன்று உண்டு. பெர்த்ஷயரில் கிளென் லயனுக்கு மேலே, வண்டி போகாத ஒரு கிளைப் பள்ளத்தாக்கு, அதற்கே கிழவிப் பள்ளத்தாக்கு என்று பெயர். அங்கே முழங்கால் உயரத்துக்குக் கல்லடுக்கிப் புல் வேய்ந்த ஒரு குட்டி வீடு. உள்ளே ஆற்றில் உருண்டு வழவழப்பான கற்கள்: கிழவி, கிழவன், மகள். மே மாதத் தொடக்கத்தில், ஆடுமாடு மலையேறும் பருவத்தில், அவற்றை வெளியே எடுத்து வாசலில் நிறுத்துவார்கள், நவம்பர் பிறக்கும்போது உள்ளே வைத்துக் கதவுக் கல்லை அடைப்பார்கள். மேய்ப்பர்களும் காடு காவலர்களும் தலைமுறையாகச் செய்துவந்தது இது. பூசாரி கிடையாது, மந்திரம் கிடையாது, யாரும் விழுந்து கும்பிடுவதும் கிடையாது. செய்ய வேண்டியது, செய்கிறார்கள்.

‘சாமி படமா’ என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. கோயில், மூலவர், தீர்த்தம் என்ற வரிசையில் யோசித்தால் இந்த இடங்கள் பிடிபடாது. லூயிஸ்காரர்கள் ரொம்பக் கண்டிப்பான புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தீவுக்குக் கப்பல் விட்டதே 2009இல்தான், அதற்கே பெரிய எதிர்ப்பு. அவர்களிடம் போய்ச் ‘சந்திரனைக் கும்பிடுகிறீர்களா’ என்று கேட்டால் உதை விழாது, ஆனால் டீ கிடைக்காது. அதே ஆட்கள்தான் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பெயர் தெரிந்து வைத்திருப்பார்கள், சில குன்றுகளின் மேல் மண்வெட்டி வைக்கத் தயங்குவார்கள். குன்றுக்குள் குடியிருக்கும் ஜனங்களுக்கு கேலிக்கில் ‘ஷீ’ என்று பெயர், குன்றுக்கும் அதே சொல். பெர்த்ஷயரில் 1083 மீட்டர் உயர ஷிஹாலியன் மலையின் பெயரில் அது இருக்கிறது: கலிடோனியரின் ஷீக் குன்று. அந்த மலையில்தான் 1774இல் நெவில் மாஸ்கலைன் என்ற வானியலாளர், பூமியின் எடையைக் கணக்கிட, தூக்குக் குண்டு மலைப்பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று அளந்தார். கணக்குப் போட்ட சார்ல்ஸ் ஹட்டன் சம உயரப் புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தார், இன்று மலை வரைபடங்களில் பார்க்கிற உயரக்கோடுகள் அப்படிப் பரவியவை.

கிறிஸ்தவம் பழசை அழித்துவிட்டது என்று ஒரேயடியாகச் சொல்வதும் சரியில்லை. மரீ ஏரிக்குள் மரீத் தீவு என்று ஒன்று, 722இல் இறந்த மயில்ரூபா என்ற புனிதரின் பெயரில் அங்கே ஒரு ஊற்று. மனநோயாளிகளைப் படகில் கொண்டுபோய் அந்தத் தண்ணீரைக் குடிக்கவைப்பார்கள். 1656இல் டிங்வால் சபைக் குறிப்புகளில், அங்கே ஆகஸ்ட் 25ஆம் தேதி காளை பலி கொடுக்கிறார்கள் என்று பாதிரிமார்கள் புலம்பியிருக்கிறார்கள். புனிதரின் பெயரில் காளை! விக்டோரியா மகாராணி 1877இல் வந்து பார்த்தார். அங்கிருந்த ஓக் மரத்தில் வேண்டிக்கொண்டு காசை அறைவது வழக்கம், அறைந்து அறைந்து மரம் செத்துப்போயிற்று. மரத்தில் துணி கட்டுகிற ஊற்றுகளும் உண்டு. நமக்கு இதில் ஒன்றும் புதிது இல்லை என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

அயர்லாந்தில் இதற்கென்றே ஒரு இலக்கிய வகை இருந்தது, ‘தின்ஹனஹஸ்’ என்பார்கள், இடக்கதை என்று சொல்லலாம். ஒவ்வொரு இடத்துக்கும் ஏன் அந்தப் பெயர் என்று செய்யுளிலும் உரைநடையிலும் சொல்வது, கவிஞனாக வேண்டுமென்றால் அதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கெர்ரியில் அடுத்தடுத்து இரண்டு குன்றுகள், 690 மீட்டர் சொச்சம், பெயர் ‘அனுவின் இரு முலைகள்’. உச்சியில் யாரோ வேலைமெனக்கெட்டுக் கற்குவைகளைக் காம்பு மாதிரி குவித்து வைத்திருக்கிறார்கள், வரலாற்றுக்கு முந்தைய குறும்பு. மீத் பகுதியில் லஃக்ரூ மலைக்குக் கிழவி மலை என்றே பெயர், அங்கேயும் முந்தானையிலிருந்து கல் சிந்தியிருக்கிறாள். ஆக, உங்கள் படத்தில் படுத்திருப்பவள் லூயிஸுக்கு மட்டும் சொந்தமில்லை, இரண்டு நாடுகளிலும் படுக்க இடம் வைத்திருக்கிறாள்.

இங்கே கடைக்காரர்களின் பேச்சு பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த வகைப் படங்களை விற்கும்போது ‘மெல்லிய இடம்’ என்ற தொடர் கட்டாயம் வரும்: இந்த உலகத்துக்கும் அந்த உலகத்துக்கும் நடுவே திரை மெல்லிசான இடங்கள், பண்டைய கெல்டியர் (கேலிக்குக்கு உறவான மொழிகள் பேசிய பழைய ஜனங்கள்) அப்படித்தான் சொன்னார்கள் என்பார்கள். அழகான தொடர்தான். ஆனால் அதைப் பரப்பியது இருபதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் மக்ளவுட் என்ற பாதிரியார், 1938இல் அயோனா சமூகம் என்ற கிறிஸ்தவ அமைப்பைத் தொடங்கியவர். கொலம்பா என்ற துறவி 563இல் வந்து இறங்கிய அயோனா தீவைப் பற்றி அவர் சொன்னது, பிறகு எல்லா இடத்துக்கும் ஒட்டிக்கொண்டது. அதே போல ‘ட்ரூயிட் கற்கள்’. எழுத்தில் ட்ரூயிட் பூசாரிகளைப் பற்றி நாம் கேள்விப்படுவது கலனிஷ் நட்டு இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் கழித்து. இதில் உள்ளூர்க்காரர்களையும் முழுதாக விட்டுவிட முடியாது, ஸ்கை தீவில் பிறந்த மார்ட்டின் மார்ட்டின் 1703இல் வெளியிட்ட பயணக் குறிப்பில், நடுக்கல்லின் பக்கத்தில் தலைமைப் பூசாரி நின்றதாக ஊரார் சொன்னார்கள் என்றுதான் எழுதியிருக்கிறார். மூன்று சுருள் சின்னமும் அப்படியே, அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறையில் கி.மு. 3200 வாக்கில் செதுக்கியது, கெல்டியர் என்று ஒரு பேச்சு கிளம்புவதற்கு வெகு முன்னால். நிலக்காட்சியின் மூலையில் பின்னல் முடிச்சும் சுருளும் போட்டிருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். உங்கள் படத்தில் அது ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள், நிம்மதி.

இனி அசலா பிரதியா. கலைச்சந்தையில் ‘பிரிண்ட்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று, ஏற்கெனவே வரைந்த ஓவியத்தை ஸ்கேன் செய்து நல்ல இங்க்ஜெட்டில் அடிப்பது, கௌரவமாக ஜிக்லே என்பார்கள். இன்னொன்று, தகட்டிலோ மரத்திலோ லினோலியத்திலோ ஓவியரே செதுக்கி, மை பூசி, ஒவ்வொன்றாகக் கையால் அழுத்தி எடுப்பது. இரண்டாவதில் ‘மூல ஓவியம்’ என்று வேறு எதுவும் கிடையாது, தாளில் விழுந்ததுதான் மூலம். பென்சில் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், ஜிக்லேயிலும் 14/40 என்று எழுதுகிறார்கள். பிரேமைக் கழற்றி, தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். படத்தைச் சுற்றிச் செவ்வகமாக ஒரு பள்ளம் தெரிந்தால் அது தகடு அழுந்திய தடம், உலோகத் தகட்டு அச்சு. பிறகு பூதக்கண்ணாடி: ஜிக்லே என்றால் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று துளித்துளியாகத் தெளித்தது தெரியும். எச்சிங் என்றால் ஒரே மை, கோடுகள் தாளுக்கு மேல் லேசாகப் புடைத்திருக்கும். சாம்பல் பரப்புகள் நொறுங்கிய மணல் மாதிரி, நடுநடுவே வெள்ளைப் புள்ளிகள் விட்ட ஒழுங்கற்ற குறுணையாக இருந்தால் அது அக்வாடிண்ட். நீங்கள் அனுப்பிய வர்ணனையை வைத்து நான் அக்வாடிண்ட் பக்கம்தான் பந்தயம் கட்டுவேன். 14 என்பது 40இல் பதினான்காவது என்று பொருள், எண் சின்னதாக இருந்தால் விலை கூடும் என்பதெல்லாம் பெரும்பாலும் பேச்சு.

அக்வாடிண்ட் செய்வது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். செப்புத் தகட்டின் மேல் குங்கிலியம் போன்ற பிசினைப் பொடித்துத் தூவி, அடியில் சூடு காட்டினால் தூள் உருகி ஒட்டும். அமிலத்தில் போட்டால் அமிலம் துகள்களுக்கு நடுவில் மட்டும் அரிக்கும், அரித்த குழியில் மை நிற்கும். எந்த இடம் வெள்ளையாக இருக்க வேண்டுமோ அதை முதலிலேயே வார்னிஷ் பூசி மூடிவிட வேண்டும். சில விநாடி அமிலம், எடுத்துக் கழுவி, இந்த அளவு சாம்பல் போதும் என்ற இடங்களை மூடு, மறுபடி அமிலம், மறுபடி மூடு. கடைசிவரை திறந்திருக்கும் இடம் கன்னங்கறுப்பு. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகிற வேலை, இடையில் மனசு மாறினால் சிரமம். மூடுபனியும் கடலும் மேகமும் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை, அதனால்தான் வட அட்லாண்டிக் தீவுகளுக்கும் இதற்கும் அப்படி ஒரு பொருத்தம். 2024இல் இறந்த நார்மன் அக்ராய்ட் வாழ்நாள் முழுக்க அந்தக் கடற்கரைகளைப் படகில் சுற்றி அக்வாடிண்ட்டாகவே செய்தார். பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

அவருக்கு இருநூறு வருடம் முன்னால் ஒருவர் இருந்தார், அவரை நமக்கும் தெரியும், பெயர் தெரியாமல் தெரியும். வில்லியம் டேனியல். சிறுவனாக அப்பாவின் சகோதரர் தாமஸ் டேனியலோடு இந்தியா வந்து, 1792-93இல் தமிழ்நாட்டில் சுற்றி, தஞ்சைப் பெரிய கோயில், மதுரை அரண்மனை, பாபநாசம் அருவி என்று வரைந்தவர். ஊர் திரும்பி 1795 முதல் 1808 வரை வெளியிட்ட 144 அக்வாடிண்ட்கள்தான் இன்றும் நம் ஓட்டல் வரவேற்பறைகளில் மங்கிய பிரதிகளாகத் தொங்குகின்றன. அதே டேனியல், அதே தொழில்நுட்பத்தோடு, 1813இல் பிரிட்டன் கடற்கரையைச் சுற்றக் கிளம்பி 308 படங்கள் செய்தார், அதில் அயோனாவும் ஸ்டாஃபா குகையும் உண்டு. பாபநாசத்து அருவி நுரையை வெள்ளைத் தாளாக விட்டுவைக்கப் பழகிய கைதான் அயோனாவின் கடல் வெளிச்சத்தையும் செய்தது.

நிறத்தைப் பற்றி ஒரு வரி. ‘நீலமா பச்சையா சாம்பலா சொல்லத் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். கேலிக்கில் கோரம் என்ற சொல் நீலத்துக்கும் உண்டு, புல்லின் பச்சைக்கும் உண்டு, கிளாஸ் என்ற சொல் சாம்பலுக்கும் வெளிறிய பச்சைக்கும் நடுவில் ஊசலாடும். மாயோனைப் பச்சை என்றும் நீலம் என்றும் கறுப்பு என்றும் சொல்கிற மொழிக்காரர்களான நமக்கு இதில் சிரமம் இருக்காது. ஓவியர் நீலக் கறுப்பு மையில் கொஞ்சம் பச்சை கலந்திருக்கிறார்.

மாட்டுவது பற்றி: வெயில் நேரே விழாத சுவர், குளியலறையும் சமையலறையும் பின்பக்கம் இல்லாத சுவர். உங்கள் ஊர் ஈரப்பதத்தில் தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே நடுவே அமிலமில்லாத மவுண்ட் அட்டை போடச் சொல்லுங்கள், சாதா அட்டை வைத்தால் பத்து வருடத்தில் தாளின் ஓரம் பழுப்பாகும். செலோடேப் வேண்டவே வேண்டாம். நான் ஒருமுறை நம்பிக் கொடுத்த கடையில் பின்பக்கம் முழுக்க டேப் ஒட்டித் தந்தார்கள், அந்தக் கறை இன்றும் இருக்கிறது. பூஜையறையில் மாட்டலாமா என்றால், மாட்டினால் கிழவி கோபித்துக்கொள்ள மாட்டாள், ஆனால் சாம்பிராணிப் புகை தாளுக்கு ஆகாது.

கடைசியாகப் புள்ளி. தாளில் பூஞ்சைக் கறை வந்தால் பழுப்பாக இருக்கும், விளிம்பு பரவியிருக்கும். நீங்கள் சொன்னது மையின் அதே கறுப்பு, கூர்மையான விளிம்பு. அக்வாடிண்ட்டில் நிலவு என்பது வெறும் தாள், முதலிலேயே வார்னிஷ் போட்டு மூடிய இடம். அதற்குள் ஒரு கன்னங்கறுப்புப் புள்ளி வர வேண்டுமானால் அந்த எள் அளவு இடத்தை மட்டும் மூடாமல் விட்டு, கடைசி அமிலம் வரை திறந்தே வைத்திருக்க வேண்டும். வார்னிஷ் உரிந்து தப்பாக அரிப்பதும் உண்டு, எனக்கு அது வாராவாரம் நடக்கிறது. ஆனால் முதல் சோதனை அச்சிலேயே கண்ணில் படும், தகட்டைத் தேய்த்து வழவழப்பாக்கி எடுத்துவிடலாம். நாற்பது பிரதியிலும் யாரும் விட்டுவைக்க மாட்டார்கள்.

கலனிஷ் கற்களின் தெற்கு முனையில் ‘க்னாக் அன் தூர்ஸ’ என்று ஒரு பாறைமேடு இருக்கிறது. அந்த 18.6 வருட நிலவு மலைப்பள்ளத்தில் மறுபடி பளிச்சிடும் நேரத்தில் அந்த மேட்டின் மேல் ஒருவர் ஏறி நின்றால், வடக்கு நடைபாதையில் நிற்கிறவர்களுக்கு அவர் நிலவுக்குள் நிற்பது போல, கறுப்பாக, குட்டியாகத் தெரிவார். பூதக்கண்ணாடியை எடுத்துப் பாருங்கள், புள்ளிக்கு இரண்டு கால் இருக்கிறதா என்று எனக்குச் சொல்லுங்கள்.